எழும்பாத விடுதிகளும் எஞ்சிய தெருக்களும்



ஒவ்வோர் ஆண்டும் ஜூலைத் திங்கள் 7ஆம் நாள் பினாங்கு மாநிலத்தில் பொது விடுமுறை. ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நகராக அறிவிக்கப்பட்ட நாள் அது என்பதை நம் மாணவர்களுள் பெரும்பாலோர் அறிவர். அறிவிக்கப்பட்ட சில மாதங்களுக்குள்ளேயே அந்தத் தகுதி பறிபோகும் நிலை வந்தது என்பதை அறிந்தவர் மிகச் சிலரே. கட்டப்படவிருந்த சில உயர்மாடித் தங்கும் விடுதிகளே அதற்குக் காரணம்.

வரலாறு என்றதும் கட்டப்பட்டவற்றையே நாம் பேசுகிறோம். கோட்டை எப்போது எழுந்தது, கோயில் எப்போது எழுந்தது, பாலம் எப்போது திறக்கப்பட்டது என்று பட்டியலிடுகிறோம். ஒரு நகரத்தில் எது கட்டப்படவில்லை, ஏன் கட்டப்படவில்லை என்பதும் வரலாறுதான். பினாங்கில் அப்படி எழாமற்போன கட்டடங்களின் கதையை ஆசிரியர்களும் பெற்றோரும் அறிந்திருப்பது நன்று. அதில் நம் இனத்தாரின் தெருக்களும் அடங்கியுள்ளன.

பழைய நகரம் பிழைத்த விதம்

1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் பினாங்கைக் கிழக்கிந்தியக் கும்பினியின் உடைமையாக அறிவித்தார். அவர் காலத்தில் வகுக்கப்பட்ட முதல் தெருக்களில் ஒன்று சூலியா தெரு. தமிழகக் கடற்கரையிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர்களின் பெயரை அது இன்றும் தாங்கி நிற்கிறது. 1801இல் தோன்றிய காப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், 1833இல் எழுந்த குயீன் தெரு மகா மாரியம்மன் ஆலயம், சூலியா தெருவின் நாகூர் தர்கா, பினாங்குத் தெருவில் செட்டியார்களின் கிட்டங்கிகள் ஆகிய அனைத்தும் சில நூறு அடி நடையில் அடங்கும். தைப்பூசத்திற்கு வெள்ளி இரதம் புறப்படும் கோவில் வீடும் பினாங்குத் தெருவில்தான் உள்ளது. சூலியா சமூகத்தின் கதையை விரிவாக அறிய விரும்புவோர் வரலாற்று ஆய்வாளர் கூ சல்மா நசுத்தியோன் 2014இல் வெளியிட்ட ஆங்கில நூலைப் படிக்கலாம்.

இருநூறு ஆண்டு பழைமையான இந்தத் தெருக்கள் இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை இடிபடாமல் நின்றது எப்படி? யாரும் திட்டமிட்டுக் காத்ததால் அன்று. பெரும்பங்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திற்கு உரியது. 1948க்கு முன்பு கட்டப்பட்ட வீடுகளுக்கும் கடைவீடுகளுக்கும் உரிமையாளர் விருப்பம்போல் வாடகையை உயர்த்த இயலாது. குடியிருப்போரை எளிதில் வெளியேற்றவும் இயலாது. வருவாய் குறைவென்பதால் பழுது பார்ப்பதில் உரிமையாளர்கள் அக்கறை காட்டவில்லை. ஆயினும் வீடுகள் நின்றன. அவற்றில் பொற்கொல்லரும் மாலை கட்டுவோரும் மாவரைப்போரும் துறைமுகத் தொழிலாளரும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர்.

இச்சட்டத்தை நீக்கும் சட்டம் 1997இல் இயற்றப்பட்டது. 2000ஆம் ஆண்டு தொடங்கியபோது கட்டுப்பாடு முற்றாக விலகியது. வாடகை ஏறியது. பலர் வெளியேறினர். பழைய கடைவீடுகள் ஒன்றொன்றாக வெறிச்சோடின. நகரின் நடுவே பெருங்கட்டடம் எழுந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு கண்முன்னே இருந்தது. 1974இல் தொடங்கி 1986இல் நிறைவுற்ற 65 மாடி கொம்தார் கோபுரத்திற்காகப் பழைய கடைவீட்டு வரிசைகள் பல அகற்றப்பட்டன. கொம்தார் கட்டி முடிந்த அதே 1986இல்தான் பினாங்கு மரபு அறக்கட்டளையும் தோன்றியது. அதன் உறுப்பினர்களும் மற்ற ஆர்வலர்களும் தொடர்ந்து குரல் கொடுத்தனர். அமெரிக்காவில் இயங்கும் உலக நினைவுச்சின்ன நிதியம் ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியலில் ஜார்ஜ்டவுனின் பழைய நகரை 2000த்திலும் 2002இலும் சேர்த்தது.

தகுதியும் வாக்குறுதியும்

2008ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் கனடாவின் கியூபெக் நகரில் கூடிய யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குழு மலாக்காவையும் ஜார்ஜ்டவுனையும் ஒரே பதிவாகப் பட்டியலில் சேர்த்தது. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு நகரங்களுக்கும் ஒரே பதிவு என்பதால் ஒரு நகரம் செய்யும் பிழை மற்றதையும் பாதிக்கும். பினாங்கின் கரையில் எழும் கட்டடத்தால், 1781இல் தோன்றிய பொய்யாத விநாயகர் ஆலயம் நிற்கும் மலாக்காவின் தகுதிக்கும் கேடு வரலாம்.

ஜார்ஜ்டவுனில் 109.38 எக்டர் மையப் பகுதியாகவும், அதைச் சூழ்ந்த 150.04 எக்டர் காப்பு வளையமாகவும் குறிக்கப்பட்டன. இந்நிலப்பரப்பில் புதிய கட்டடம் 18 மீட்டர் உயரத்தைத் தாண்டாது என்பது விதி. அதாவது ஏறத்தாழ ஐந்து மாடி.

18 மீட்டர் எவ்வளவு உயரம் என்பதை மாணவருக்குச் சொல்ல ஓங்கி வளர்ந்த தென்னை மரம் ஒன்றைக் காட்டினால் போதும். இரண்டு அல்லது மூன்று மாடிக் கடைவீட்டை ஒத்து அது ஏறத்தாழ இருமடங்கு உயரம். அதற்குமேல் ஒரு கட்டடம் போனால் கடைவீட்டு வரிசையின் ஓடுகளும் கோபுரமும் பள்ளிவாசல் மினாரும் அதன் காலடியில் சிறுத்துப் போகும்.

உயரத்தால் பார்வை மட்டும் கெடுவதில்லை. பழைய கடைவீடுகள் செங்கல்லாலும் சுண்ணாம்புக் காரையாலும் ஆனவை. பக்கத்து வீடுகள் இரண்டுக்கும் இடையில் பொதுச்சுவர் ஒன்றே. அடித்தளம் ஆழமற்றது. பக்கத்து மனையில் பல மாடிகளைத் தாங்குவதற்கான ஆழத்தூண்களை இறக்கும்போது நிலம் அதிரும். ஒரு வீட்டில் விழும் விரிசல் வரிசை முழுவதும் ஓடக்கூடும். மேலும், உயர்மாடி கட்ட அனுமதி உண்டென்றால் அந்த மனையின் விலையும் அதன் அண்டை மனைகளின் விலையும் ஏறிவிடும். அதன்பின் இரண்டு மாடிக் கடைவீட்டைப் பழுது பார்த்து வைத்திருப்பதைவிட இடித்துவிடுவதே இலாபம் என்று உரிமையாளருக்குத் தோன்றும்.

இவ்வகை விதி தமிழருக்குப் புதிதன்று. மதுரை மீனாட்சியம்மன் கோயிலிலிருந்து 1 கிலோமீட்டர் தொலைவுக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழுப்பக்கூடாது என்று 1997இல் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. அங்கும் விதியை மீறிய விடுதிகளும் வணிகக் கட்டடங்களும் நீதிமன்றம் வரை சென்றன. விதியை எழுதுவதைவிடக் காப்பதே கடினம் என்பதற்கு இதுவே சான்று.

நான்கு திட்டங்கள்

பட்டியலில் சேர்ந்த அதே 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில், 18 மீட்டரைத் தாண்டும் நான்கு தங்கும் விடுதித் திட்டங்கள் பற்றிய செய்தி பெரிதாக எழுந்தது. மையப் பகுதியில் இரண்டு: ஒன்று வெல்ட் கரையோரம் பூஸ்டெட் நிறுவனத்துடையது, மற்றொன்று ஏஜிபி எனச் சுருக்கமாக அழைக்கப்பட்ட நிறுவனத்துடையது. காப்பு வளையத்தில் இரண்டு: ஃபார்குவார் தெருவில் ஈ அண்ட் ஓ விடுதியின் விரிவாக்கம், சுல்தான் அகமது ஷா சாலையில் லோ யட் குழுமத்தின் விடுதி.

இவற்றுள் ஈ அண்ட் ஓ தனக்கென ஒரு வரலாறு உடையது. சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் விடுதியைத் தொடங்கிய ஆர்மீனிய இனத்துச் சார்க்கீஸ் சகோதரர்கள் அதற்கு முன்பே, 1880களில், பினாங்கில் நிறுவிய விடுதி அது. ஆகவே இந்த வழக்கைப் பழைமைக்கும் விடுதிக்கும் இடையிலான பகையாகப் பார்ப்பது பொருந்தாது. துறைமுக நகரம் வந்தாரைத் தங்க வைத்தே வளர்ந்தது. எந்த அளவில், எந்த இடத்தில் என்பதே வினா.

மாநில அரசின் நிலை இக்கட்டானது. 2008 மார்ச்சுத் தேர்தலில் பினாங்கில் ஆட்சி மாறி, லிம் குவான் எங் முதலமைச்சராகி ஓராண்டுகூட நிறையவில்லை. இத்திட்டங்களோ ஒப்புதல் நடைமுறையில் ஏற்கெனவே வெகுதூரம் சென்றுவிட்டவை. தடுத்தால் நிறுவனங்கள் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுக்கலாம். அத்தொகை மக்கள் வரிப்பணத்திலிருந்து போகும். விட்டுவிட்டால் உலகத் தகுதி போகலாம். முதலீட்டாளரின் நம்பிக்கை, கட்டுமானத் தொழிலாளரின் வேலை, நாட்டின் சொல்லுக்குரிய மதிப்பு ஆகிய யாவும் தராசின் தட்டுகளில் இருந்தன. இந்தத் தரப்புகள் எல்லாவற்றையும் மாணவரிடம் எடுத்துக் கூறவேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் கெட்டவராகக் காட்டினால் அது வரலாறு ஆகாது.

டிரெஸ்டன் தந்த பாடம்

யுனெஸ்கோ எச்சரிக்கை விடுத்தாலும் உண்மையில் பெயரை நீக்குமா என்று அன்று கேட்டவர் உண்டு. 2009 ஜூனில் அதற்கு விடை கிடைத்தது. ஸ்பெயினின் செவில் நகரில் கூடிய உலகப் பாரம்பரியக் குழு, செர்மனியின் டிரெஸ்டன் எல்பே பள்ளத்தாக்கைப் பட்டியலிலிருந்து நீக்கியது. 2004இல் சேர்க்கப்பட்ட இடம் அது. ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட நான்கு வழிப் பாலம் ஒன்றே காரணம். 2005இல் நடந்த பொது வாக்கெடுப்பில் நகரமக்களே அப்பாலம் வேண்டுமென்று வாக்களித்திருந்தனர் என்பது நினைவில் கொள்ளத்தக்கது. பாலம் 2013இல் திறக்கப்பட்டது, தகுதி திரும்பவில்லை.

பின்னர் 2021இல் இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகமும் நீக்கப்பட்டது. கரையோரப் புதுக் கட்டுமானங்களே அங்கும் காரணம். கப்பல் வணிகத்தால் வளர்ந்து, கரையோரத்தின் தோற்றத்திற்காகவே புகழ்பெற்ற நகரம் லிவர்பூல். பினாங்கு அதே பாதையில் சென்றிருக்க இயலும் என்று நினைப்பது மிகையன்று.

தீர்வு

2009ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அனுப்பிய வல்லுநர் குழு ஜார்ஜ்டவுனுக்கு வந்து இடங்களைப் பார்வையிட்டது. முடிவில் ஒரு நடுவழி பிறந்தது. மையப் பகுதியின் இரண்டு திட்டங்களும் 18 மீட்டருக்குள் அடங்க வேண்டும். காப்பு வளையத்தில் இருந்தவற்றுக்கு இடமளிக்கப்பட்டது. மையப் பகுதி நிறுவனங்கள் இரண்டும் உயரத்தைக் குறைக்க இசைந்தன. வரைபடத்தில் இருந்த உயர்மாடிகள் வரைபடத்திலேயே நின்றுவிட்டன. வெல்ட் கரையில் பூஸ்டெட்டின் பழைய கிடங்குக் கட்டடமே விடுதியின் பகுதியாக மாறியது. ஈ அண்ட் ஓவின் புதிய பகுதி 2013இல் திறக்கப்பட்டது.

இது முழு வெற்றி என்று கூற இயலாது. காப்பு வளையம் என்பதே மையத்தைக் காப்பதற்காகத்தான் இருக்கிறது; அங்கே உயரத்திற்கு இடமளித்தது சரியா என்று அன்றும் கேட்டனர், இன்றும் கேட்கலாம். ஆயினும் இந்நெருக்கடியால் நன்மை விளைந்தது. தளத்தை நிர்வகிக்க 2010இல் ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நிறுவனம் அமைக்கப்பட்டது. எங்கே எதைக் கட்டலாம், எப்படிப் பழுது பார்க்கலாம் என்பதை வரையறுக்கும் சிறப்புப் பகுதித் திட்டம் 2016இல் அரசிதழில் வெளியிடப்பட்டது. அதற்குமுன் வாக்குறுதியாக இருந்தது அன்று சட்டத்தின் வலுவைப் பெற்றது.

நின்றபடி வராதது படுத்தபடி வந்தது

இவ்வளவோடு கதையை முடித்துவிட்டால் இனிமையாக இருக்கும். ஆனால் உண்மை அதற்கு அப்பாலும் செல்கிறது.

உயர்மாடி விடுதி எழவில்லை. ஆனால் நகரத்தின் புகழ் ஏறியது. 2012இல் தெருச் சுவர்களில் ஓவியங்கள் தோன்றின. பயணிகள் திரண்டனர். அவர்களுக்குத் தங்குமிடம் வேண்டும். மேலே செல்ல முடியாத முதலீடு பக்கவாட்டில் பரவியது. கடைவீடு ஒவ்வொன்றாகச் சிறு விடுதியாகவும் காப்பிக் கடையாகவும் மாறியது. 200 அறைகள் ஒரே கோபுரத்தில் அடுக்கப்படுவதற்கு மாறாகப் பத்துப் பத்து அறைகளாகப் பல தெருக்களில் விரிந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளித்தோற்றம் கெடவில்லை. ஓடும் மரச்சன்னலும் ஐந்தடி நடைபாதையும் முன்பைவிட அழகாகவே நிற்கின்றன. உள்ளே இருந்த குடும்பம் இல்லை.

பாரம்பரியத் தளத்தில் வாழ்வோர் தொகை 2009இல் 10,159ஆக இருந்தது. 2013இல் 9,425ஆகக் குறைந்தது. நான்கே ஆண்டுகளில் 734 பேர் குறைந்திருக்கிறார்கள். நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல். நம் தமிழ்ப்பள்ளிகளைப் பற்றிக் கவலைப்படுவோர் இவ்வெண்ணைக் கூர்ந்து நோக்க வேண்டும். நகருக்குள் குடும்பங்கள் குறைந்தால் நகர்ப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைவர். கோயிலுக்குத் திருவிழா அன்று கூட்டம் வரும். அன்றாடப் பூசைக்கு அண்டை வீட்டார் இருக்கமாட்டார்கள்.

விடுதியாக மாற்றுவதே தீங்கு என்று நான் கூறவில்லை. லெய்த் தெருவில் உள்ள சியோங் ஃபாட் சே மாளிகை சிதிலமடைந்து கிடந்தது. மரபு ஆர்வலர்கள் அதை வாங்கிச் செம்மையாகப் புதுப்பித்துத் தங்கும் விடுதியாக நடத்தினர். அப்பணிக்கு 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமைப் பாதுகாப்பு விருது கிடைத்தது. விடுதி வருவாய் இல்லாவிடில் அந்த மாளிகை நின்றிருக்குமா என்பது ஐயமே. மாளிகைக்குப் பொருந்துவது தெரு முழுவதற்கும் பொருந்தாது என்பதே என் கருத்து. ஒரு தெருவில் ஒன்றிரண்டு விடுதிகள் இருந்தால் தெரு வாழும். தெரு முழுவதும் விடுதியானால் அது படுக்கவைக்கப்பட்ட கோபுரமே.

உயரவிதி கூரையை அளந்தது. கூரையின்கீழ் வாழ்வோரை எண்ணவில்லை. வாடகைக் கட்டுப்பாடோ வாழ்வோரைக் காத்தது. கூரையைப் பழுது பார்க்கவில்லை. இரண்டையும் ஒருசேரக் காக்கும் வழியை நம் நகரம் இன்னும் முழுமையாகக் கண்டடையவில்லை. நாளை நகர மன்றத்தில் அமரப்போகும் பிள்ளைகள் இன்று நம் வகுப்பறைகளில் இருக்கிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

வகுப்பறைக்குச் சில குறிப்புகள்

2014 முதல் தொடக்கப்பள்ளியில் நான்காம் ஆண்டிலிருந்து வரலாறு தனிப்பாடமாக உள்ளது. பாடநூலோடு சேர்த்துக் கீழ்க்காணும் நடவடிக்கைகளை மேற்கொள்ளலாம். பெற்றோரும் விடுமுறை நாளில் செய்து பார்க்கலாம்.

1. நிழல் கணக்கு: வெயில் நாளில் 1 மீட்டர் குச்சியை நேராக நிறுத்தி அதன் நிழலை அளக்கச் சொல்லுங்கள். அதே நேரத்தில் ஒரு கட்டடத்தின் நிழலையும் அளக்கட்டும். குச்சியின் நிழல் அரை மீட்டர், கட்டடத்தின் நிழல் 4.5 மீட்டர் என்றால் கட்டடத்தின் உயரம் 9 மீட்டர். விதி அனுமதிக்கும் உயரம் இதைப்போல் இருமடங்கு. கணிதமும் வரலாறும் இணையும் இடம் இது.

2. தெருக் கணக்கெடுப்பு: லிட்டில் இந்தியாவில் ஒரே ஒரு தெருவைத் தேர்ந்து, எத்தனை கடைவீடுகளின் மாடியில் துணி காய்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். துணி காயும் வீட்டில் குடும்பம் இருக்கிறது. அடுத்த ஆண்டும் அதே தெருவில் எண்ணிப் பதிவு செய்தால் அது பள்ளியின் சொந்த வரலாற்று ஆவணமாகும்.

3. சொற்போர்: வகுப்பை நான்காகப் பிரியுங்கள். ஒரு குழு விடுதி நிறுவனம், ஒரு குழு மாநில அரசு, ஒரு குழு மரபு ஆர்வலர், ஒரு குழு அத்தெருவின் வாடகைக் குடியினர். நான்காம் குழுவைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். அவர்களைக் கேளாமல் எடுக்கப்பட்ட முடிவுகளே மிகுதி.

4. முதியோர் நேர்காணல்: தாத்தா பாட்டியர் பழைய நகரில் வாழ்ந்திருந்தால் எந்தத் தெரு, எவ்வளவு வாடகை, எப்போது வெளியேறினர் என்று பிள்ளைகள் கேட்டு எழுதட்டும். பத்துக் குடும்பங்களின் விடைகளை ஒரு வரைபடத்தில் குறித்தால் நம்மவர் நகரைவிட்டு எந்தப் பக்கம் நகர்ந்தார்கள் என்பது தெரியவரும்.

அடுத்த ஜூலை 7 விடுமுறைக்கு முன்நாள், மாணவரிடம் ஒரு வினாவைக் கொடுத்தனுப்புங்கள்: "நம் நகரில் எதைக் கட்டாமல் விட்டதால் நாம் பயனடைந்தோம்? யார் இன்னும் பயனடையவில்லை?" அவர்கள் கொண்டுவரும் விடைகளைக் கருத்துப் பகுதியில் பகிர்ந்துகொண்டால் மகிழ்வேன்.